பழைய போலராய்ட் லேண்ட் கேமராவுக்கு வீட்டுலயே பேட்டரி கட்டுறது, கட்டினப்புறமும் ஓடலன்னா எங்க தேடுறது

இந்தக் கேமராவ வாங்குன பாதிப் பேர் பொலம்பறது ஒரே பொலம்பல் தான். "ட்ரிபிள் ஏ மூணு போட்டேன், மீட்டர்ல நாலரை வோல்ட் சுளையா காட்டுது, க்ளிக் சத்தமும் வருது, ஆனா படம் மட்டும் கரி பூசினாப்ல வருது." நானும் இதையே சொல்லிட்டுத் திரிஞ்சவன் தான். அமெரிக்காவுல ஒரு கராஜ் சேல்ல பதினஞ்சு டாலருக்கு ஒரு 250 மாடல் சிக்குச்சு, பேட்டரி கட்டினேன், கையில இருந்த ஃப்யூஜி ஃபிலிம்ல ஏழு ஷீட்ட வரிசையா கருப்பாக்கினேன், அப்புறம் தான் அந்த நாலரை வோல்ட்டும் அந்த க்ளிக்கும் ரெண்டும் சேந்து என்னை ஏமாத்துதுன்னு புரிஞ்சுது. நீங்க அந்த ஏழு ஷீட்ட வீணாக்க வேணாம், அதுக்குத் தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எந்தக் கேமரான்னு முதல்ல தெளிவா சொல்லிடறேன். போலராய்ட் 1963ல ஆட்டோமேட்டிக் 100னு ஒண்ணு விட்டாங்க, மடக்குற பெல்லோஸ் (லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற துருத்தி மாதிரி மடிப்பு) வச்சது, பேக் ஃபிலிம் போடறது, படம் எடுத்து வெள்ளைத் தாளை இழுத்து, மஞ்சள் தாளை இழுத்து, கொஞ்ச நேரம் வச்சிருந்து உரிச்சு எடுக்கணும். அந்த வம்சத்துல 200, 300, 400னு ஏகப்பட்ட மாடல் வந்துச்சு. இதுங்க எல்லாத்துலயும் ஷட்டர் எலக்ட்ரானிக், வெளிச்சத்த அதுவே பாத்து அதுவே மூடிக்கும். 180, 195 மாதிரி சிலது மட்டும் ஷட்டர் வேகத்த கையால செட் பண்ற மாடல், அது உங்ககிட்ட இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, இத படிக்கவே வேணாம். அப்புறம் எஸ்எக்ஸ்-70, 600 மாதிரி படத்த மோட்டார் வச்சுத் துப்புற கேமராவுக்கு ஃபிலிம் பேக்குக்குள்ளயே பேட்டரி இருக்கும், அது வேற கதை.

க்ளிக் சத்தத்த ஏன் நம்பக்கூடாது

இது புரிஞ்சிட்டா மீதி எல்லாம் தானா வரும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

உள்ள ரெண்டு தகடு இருக்கு. ஒண்ணு திறக்கற தகடு, இன்னொண்ணு மூடற தகடு. மேல இருக்கற 3ஆம் நம்பர் லீவர கீழ தள்ளும்போது ரெண்டும் ஸ்ப்ரிங் இழுவைல தயாரா நிக்கும். 2ஆம் நம்பர் பட்டன அமுக்கினா திறக்கற தகடு ஓடிரும். மூடற தகடும் பின்னாடியே ஓடத் துடிக்கும், ஆனா ஒரு குட்டி மின்காந்தம் அத பிடிச்சு வச்சிருக்கும். லென்ஸ் பக்கத்துல இருக்கற கண்ணு வெளிச்சத்த அளந்து "போதும்"னு சொன்னதும் காந்தம் கரன்ட்ட விடும், மூடற தகடு ஓடி மூடிரும். 100லயும் 250லயும் இந்தப் பிடி 10 செகண்ட்லருந்து 1/1200 செகண்ட் வரைக்கும் போகும்.

இப்ப பேட்டரி இல்லன்னா என்ன ஆகும்? காந்தத்துக்கு உயிர் இல்ல, பிடிக்க ஆளில்ல, ரெண்டு தகடும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒட்டிக்கிட்டே ஓடிரும், வெளிச்சம் உள்ள போக நேரமே இல்ல. ஆனா சத்தம்? ஸ்ப்ரிங் சத்தம் அப்படியே வரும், நல்லா ஆரோக்கியமா "க்ளிக்"னு வரும். விக்கறவங்க "ஷட்டர் ஒர்க்கிங்"னு எழுதறது இத வச்சுத் தான், பேட்டரியே போடாம அமுக்கிப் பாத்துட்டு எழுதிருவாங்க. பேட்டரி இல்லாமயும் க்ளிக் பண்ற கேமரா இது.

எத்தன வோல்ட்

பேட்டரி அறை கேமராவோட பின்பக்கம் இருக்கும், சின்னக் கதவு. கதவுலயோ உள்ளயோ பேட்டரி நம்பர் போட்டிருக்கும். 531ன்னா 4.5 வோல்ட், 532ன்னா 3 வோல்ட். 100க்கும் 250க்கும் 4.5. மத்த மாடலுக்கு யாரோ சொன்ன லிஸ்ட்ட நம்பாதீங்க, உங்க கேமராவுல என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க, உள்ள செத்த பேட்டரி கெடந்தா இன்னும் நல்லது, அது மேலயே எழுதியிருக்கும்.

நாலரைக்கு ட்ரிபிள் ஏ மூணு, மூணுக்கு ரெண்டு. சாதா ஆல்கலைன் போதும், ஏன்னா பட்டன அமுக்கிப் பிடிச்சிருக்கற நேரம் மட்டும் தான் இது கரன்ட் இழுக்கும். ரீசார்ஜ் பேட்டரி வேணாம், ஒண்ணுக்கு 1.2 தான், மூணு சேத்தாலும் 3.6 தான் வரும். லித்தியம் ட்ரிபிள் ஏ புதுசா இருக்கும்போது ஒண்ணு 1.8 கிட்ட காட்டும், மூணு சேந்தா அஞ்சுக்கு மேல போயிரும், 60 வருஷப் பழைய டிரான்சிஸ்டருக்கு அந்தச் சோதனை எதுக்கு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, கேமராவோட பட்டன் கனெக்டர் பாக்க நம்ம 9 வோல்ட் பேட்டரி கிளிப் மாதிரியே இருக்கும். பொருந்துதேன்னு 9 வோல்ட்ட மாட்டிராதீங்க. மாட்டினா அப்புறம் அந்தக் கேமரா ஷோகேஸுக்குத் தான்.

வேலைக்கு முன்னாடி

தேவையானது: மூணு ட்ரிபிள் ஏ பக்கத்துல பக்கத்துல உக்கார்ற பிளாஸ்டிக் ஹோல்டர், சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம், ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினா சுருங்கி ஒயர மூடற குழாய்), கட்டிங் ப்ளேயர், வினிகர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காது குடையற பட்ஸ், ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் சீப்பானதே போதும், ஆனா மில்லி ஆம்பியர் ரேஞ்ச் இருக்கணும், அது எதுக்குன்னு பின்னாடி வரும்.

கதவத் திறந்ததும் எதையும் தொடாம போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. எந்த ஒயர் ப்ளஸ்ல இருந்துச்சு, எது மைனஸ்ல இருந்துச்சுன்னு பழைய பேட்டரி இன்னும் மாட்டியிருக்கும்போதே தெரிஞ்சுக்கறது தான் சுலபம், கழட்டினப்புறம் ஒயர் கலர வச்சு யோசிக்க ஆரம்பிச்சா ராத்திரி தூக்கம் போயிரும். கலர நம்பாதீங்க, ஏற்கனவே எவனாவது மாத்தியிருப்பான்.

கழுவற வேலை

பழைய ஆல்கலைன் பேட்டரி ஒழுகியிருந்தா வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், செம்பு இருக்கற எடத்துல பச்சையா நீலமா இருக்கும். அது காரம், அதனால தான் வினிகர், ரெண்டும் சேந்தா நுரைச்சு அடங்கும். பட்ஸ வினிகர்ல நனைச்சு, சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு தொடைங்க, நுரை நின்னப்புறம் ஆல்கஹால்ல ஒரு தடவை தொடைச்சு காய விடுங்க. கையுறை போட்டுக்கோங்க, அந்த வெள்ளைப் பொடிய ஊதாதீங்க, கண்ணுல பட்டா எரியும்.

வெளிய தெரியற உப்பு பிரச்சனையே இல்ல. ஒயருக்குள்ள ஏறினது தான் பிரச்சனை. அந்தக் காரத் தண்ணி ஒயரோட பிளாஸ்டிக் தோலுக்குள்ள ஊறி மேல மேல ஏறும், வெளிய பாத்தா ஒயர் புதுசு மாதிரி மஞ்சளோ கருப்போ பளபளன்னு இருக்கும், தோல உரிச்சா உள்ள செம்புக்கு பதிலா கருகின முடி மாதிரி ஒரு கொத்து இருக்கும், நகத்தால தட்டினா பொடியா உதிரும். என் 250ல ரெண்டு ஒயர்ல ஒண்ணு அப்படித் தான் இருந்துச்சு.

அதனால இத கட்டாயம் செய்யுங்க. கனெக்டர வெட்டுங்க, ஒயர் நுனிய ஒரு சென்டிமீட்டர் உரிங்க. செம்பு பளிச்சுன்னு இருந்தா சரி. கருப்பா இருந்தா இன்னும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி உரிங்க, பளிச்சுன்னு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க. வெட்டி வெட்டி ஒயர் குட்டையாயிருச்சேன்னு பயப்படாதீங்க, புது ஒயர் ஒட்டிக்கலாம். கருப்புச் செம்பு மேல ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டையா திரண்டு கீழ விழும், அப்படி விழுந்தாலே இன்னும் வெட்டணும்னு அர்த்தம். உப்புத்தாள் வச்சு சொரண்டி எப்படியாவது ஒட்ட வச்சிரலாம்னு நெனைக்காதீங்க, ஒட்டின மாதிரி இருக்கும், ரெண்டு மாசத்துல விட்டுரும்.

கட்டுற வேலை

ஹோல்டர அறைக்குள்ள வச்சுப் பாருங்க. அனேகமா நேரா உக்காராது. பழைய பேட்டரிய பிடிக்கறதுக்குன்னு உள்ள பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், அத கட்டிங் ப்ளேயரால கடிச்சு எடுங்க, தேவைன்னா ஹோல்டரோட ஓரத்தயும் கொஞ்சம் அரத்தால தேய்ங்க. கேமராவ வெட்ட மனசு வராதவங்க ஹோல்டர மட்டும் இழைச்சே உக்கார வச்சிரலாம், நேரம் தான் ஆகும். கதவு மூடும்போது பேட்டரிய அமுக்காம மூடணும், அமுக்கினா ஹோல்டர் வளையும், வளைஞ்சா ஸ்ப்ரிங் தொடாது.

ஷ்ரிங்க் ட்யூப ஒயர்ல முதல்லயே கோத்து தள்ளி வச்சுக்கோங்க, இத மறந்துட்டு சால்டர் பண்ணி முடிச்சு நாக்க கடிக்காத ஆளே கிடையாது. ரெண்டு செம்பையும் முறுக்கி, சூடு காட்டி, ஈயம் தானா உள்ள ஓடற மாதிரி பத்த வைங்க. ட்யூப இழுத்து மூடி லேசா சூடு காட்டுங்க. சால்டர் வேணாம்னு முறுக்கி டேப் சுத்தறவங்களும் இருக்காங்க, ஒரு வாரம் ஓடும்.

ஹோல்டர் பத்தி ஒரு வார்த்தை. சீப் ஹோல்டர்ல ஸ்ப்ரிங்கயும் ஒயரையும் சேக்கறது ஒரு ரிவெட் தான், அது லூஸா இருக்கும். பேட்டரி போட்டு மீட்டர் வச்சா 4.6 காட்டும், ஒயர லேசா ஆட்டினா காணாம போகும். வாங்கினதும் அந்த ரிவெட் மேல ஒரு பொட்டு ஈயம் வச்சிருங்க.

ஃபிலிம் இல்லாம சோதிக்கறது

ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி பின்கதவத் திறந்து வச்சுக்கிட்டு இத செய்யுங்க. ஒரு விளக்கப் பாத்து கேமராவ வச்சு, பின்னாடியிலருந்து லென்ஸ் வழியா பாருங்க.

முதல்ல வெளிச்சத்துல. லீவர தள்ளி பட்டன அமுக்குங்க. கண் சிமிட்டற நேரத்துல ஒரு வெளிச்சம் தெரிஞ்சு மறையணும், "க்ளிக்-க்ளிக்"னு ரெண்டும் ஒட்டி வரும்.

அடுத்து கண்ண மூடி. லென்ஸ் இல்ல, பக்கத்துல இருக்கற எலக்ட்ரிக் கண்ண விரலால நல்லா அடைச்சு, லீவர தள்ளி, பட்டன அமுக்கி *அமுக்கியே* பிடிச்சிருங்க. க்ளிக். அப்புறம் அமைதி. பின்னாடி பாத்தா லென்ஸ் ஓட்டை திறந்தே இருக்கணும். ரொம்ப செகண்ட் கழிச்சு ரெண்டாவது க்ளிக். விரல நடுவுல எடுத்தா உடனே மூடணும். இது நடந்தா உங்க பேட்டரி, ஒயர், காந்தம், கண்ணு எல்லாமே உயிரோட இருக்கு, போய் டீ குடிங்க.

கண்ண அடைச்சும் உடனே மூடுதா? காந்தத்துக்குக் கரன்ட் வரல. தொண்ணூறு சதவீதம் இதான் நடக்கும்.

கண்ணுல வெளிச்சம் பட்டும் மூடாம, பட்டன விட்டப்புறம் தான் மூடுதா? கரன்ட் வருது, ஆனா கண்ணோ டைமிங் சர்க்யூட்டோ போச்சு. பேட்டரில தேட வேணாம்.

க்ளிக்கே வரலயா? லீவர் முழுசா தள்ளல, இல்லன்னா தகடு ஒட்டிக்கிச்சு.

நாலரை வோல்ட் ஏன் பொய் சொல்லுது

காந்தத்துக்குக் கரன்ட் வரலன்னா எல்லாரும் மீட்டர வோல்ட்ல வச்சு ஹோல்டர்ல குத்துவாங்க. 4.6 வரும். "பேட்டரி நல்லா இருக்கே". அழுகின ஒயரோட அந்தப் பக்கம் போய் குத்தினாலும் அதே 4.6 தான் வரும். ஏன்னா மல்டிமீட்டர் வோல்ட் பாக்கும்போது கரன்ட்டே இழுக்காது, கிட்டத்தட்ட சும்மா எட்டிப் பாக்கற மாதிரி. ஒரே ஒரு முடி செம்பு தொட்டுக்கிட்டு இருந்தாலும் அதுக்கு முழு வோல்ட் தெரியும். காந்தம் அப்படி இல்ல, அதுக்கு நெசமாவே கரன்ட் ஓடணும், அந்த ஒத்த முடி வழியா ஓடாது.

அதனால ஓடும்போது அளக்கணும். மீட்டர் குச்சிய ஹோல்டர் ரெண்டு முனைல வச்சுக்கிட்டு, கண்ண அடைச்சுக்கிட்டு, பட்டன அமுக்குங்க (ரெண்டு கை பத்தாது, வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க, நான் என் வீட்டுக்காரம்மாவ கூப்பிட்டேன், அவங்க "இதுக்கு பதினஞ்சு டாலரா"னு கேட்டுக்கிட்டே பிடிச்சாங்க). அமுக்கின நிமிஷம் வோல்ட் லேசா எறங்கணும். தடால்னு எறங்கினா பேட்டரி தீந்திருக்கு, இல்ல ஹோல்டர் ரிவெட் லூஸ். கொஞ்சம்கூட எறங்கலயா? எனக்கு அப்படித் தான் ஆச்சு, "ஆஹா எவ்ளோ ஸ்ட்ராங்கான பேட்டரி"ன்னு சந்தோஷப்பட்டேன். எறங்கவே இல்லன்னா கரன்ட் ஓடவே இல்லன்னு தான் அர்த்தம், பேட்டரிக்கு வேலையே குடுக்கலன்னா அது எதுக்குக் களைக்கும்.

சந்தேகம் இருந்தா மீட்டர மில்லி ஆம்பியருக்கு மாத்தி, ப்ளஸ் ஒயர ஒரு எடத்துல பிரிச்சு நடுவுல மீட்டர சேருங்க. குச்சிய மீட்டர்ல ஆம்பியர் ஓட்டைக்கு மாத்த மறக்காதீங்க, வேல முடிஞ்சதும் திருப்பி வோல்ட் ஓட்டைக்கு மாத்தவும் மறக்காதீங்க, இல்லன்னா அடுத்த தடவை மீட்டர் ஃப்யூஸ் போகும். பட்டன அமுக்கும்போது ஏதாவது ஒரு நம்பர் வரணும். சைபராவே நின்னா வழி எங்கயோ அறுந்திருக்கு.

அறுந்தது எங்கன்னு பாக்க: முதல்ல ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கான்னு பாருங்க, தலைகீழா மாட்டினா பேட்டரியே இல்லாத மாதிரி தான் நடந்துக்கும், மாத்திப் பாக்க ஒரு நிமிஷம் போதும். அது சரின்னா நீங்க பத்த வச்ச எடம். அதுவும் சரின்னா ஒயர் முன்னாடி ஷட்டருக்குப் போற வழில எங்கயோ. அப்ப புது ஒயர் ஒண்ண பழசுக்குப் பக்கத்துலயே கடைசி வரைக்கும் இழுத்துர்றது தான் உத்தமம், பாதில ஒட்டுப் போடறது மறுபடியும் உங்கள இதே பாராவுக்குக் கூட்டிட்டு வரும். என் 250ல புது ஒயர் இழுத்து, கண்ண அடைச்சு அமுக்கினப்ப அந்த அமைதி வந்துச்சு பாருங்க, க்ளிக்குக்கும் க்ளிக்குக்கும் நடுவுல, எனக்கு அது தான் சத்தம் மாதிரி கேட்டுச்சு.

பேட்டரி சரி, படம் இன்னும் சரியில்ல

படம் முழுக்க கருப்பு, ஆனா மேல சொன்ன சோதனை எல்லாம் பாஸ். அப்ப தப்பு கேமரா மேல இல்ல, விரல் மேல. வீட்டுக்குள்ள எடுக்கும்போது ரெண்டாவது க்ளிக் வர்றதுக்கு முன்னாடி பட்டன விட்டிருப்பீங்க. பட்டன விட்டா கரன்ட் கட், காந்தம் விட்டுரும், தகடு மூடிரும். ரெண்டாவது க்ளிக் கேக்கற வரைக்கும் பிடிங்க, கையில பிடிக்காம ஸ்டாண்ட்ல வைங்க.

படம் வெளுத்துப் போகுதுன்னா ஃபிலிம் ஸ்பீட் (வெளிச்சத்த எவ்ளோ சீக்கிரம் பிடிக்கும்ங்கற நம்பர்) பாருங்க. 3000 ஃபிலிம் போட்டுட்டு டயல் 75ல இருந்தா அப்படித் தான் வரும், நேர்மாறா இருந்தா இருட்டா வரும். டயல் சரின்னா பெல்லோஸ்ல ஓட்டை. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு உள்ள டார்ச் விட்டுப் பாருங்க, மடிப்போட மூலைல நட்சத்திரம் மாதிரி மினுக்கும். கருப்புத் துணி டேப்பு ஒரு துண்டு, இல்ல ஃபேப்ரிக் பெயின்ட் ஒரு பொட்டு.

ஒரே அளவு எடைவெளி விட்டு புள்ளியோ கோடோ திரும்பத் திரும்ப வந்தா ரோலர் அழுக்கு. பழைய கெமிக்கல் காஞ்சு ஒட்டியிருக்கும், வெதுவெதுப்பான தண்ணில துணி நனைச்சுத் தொடைங்க, கத்தி வச்சு சொரண்டாதீங்க.

ஃபிலிமுக்கு எங்க போறது

இத சொல்லாம விட்டா ஏமாத்து வேலை. போலராய்ட் 2008லயே இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்ப நிறுத்தறோம்னு அறிவிச்சிட்டாங்க. ஃப்யூஜி எஃப்பி-3000பி 2013ல நின்னுச்சு, எஃப்பி-100சி 2016ல. மிச்சம் இருக்கறது எக்ஸ்பைரி ஆன சரக்கு, விலை கேட்டா மயக்கம் வரும், வாங்கினாலும் உள்ள கெமிக்கல் காஞ்சு போயிருக்கலாம். எஃப்பி-100சி கெடச்சா டயல 75ல வச்சு, லைட்டன்-டார்க்கன் வளையத்த (படத்த வெளுப்பாக்கவோ இருட்டாக்கவோ திருப்பறது) டார்க்கன் பக்கம் ஒரு துளி திருப்பிக்கோங்க, ஏன்னா அது 100 ஸ்பீட் ஃபிலிம்.

நான் இப்ப செய்றது வேற. காலி ஃபிலிம் பேக்குல, சிவப்பு லைட்டுல, கருப்பு வெள்ளை போட்டோ பேப்பர அந்த அளவுக்கு வெட்டி ஒரு ஷீட் வச்சு எடுக்கறேன். பேப்பரோட ஸ்பீட் சுமார் 6 தான், கேமரா 75ன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு அந்த எலக்ட்ரிக் கண்ணு மேல மட்டும் மூணு ஸ்டாப் என்டி ஜெல் (வெளிச்சத்த மட்டும் குறைக்கற சாம்பல் நிற பிளாஸ்டிக் தாள்) ஒரு துண்டு ஒட்டுங்க, லென்ஸ் மேல ஒட்டக்கூடாது. கண்ணுக்கு எட்டுல ஒரு பங்கு வெளிச்சம் தான் தெரியும், அதனால எட்டு மடங்கு நேரம் திறந்து வச்சிருக்கும், 75 போய் 9 கிட்ட வந்துரும், மீதிய வளையத்த லைட்டன் பக்கம் திருப்பி சரிக்கட்டலாம். நல்ல வெயில்ல எடுங்க, நெழல்ல எடுத்தா இன்னும் ரொம்ப நேரம் திறந்திருக்கும். சிவப்பு சட்டை போட்டவங்க கருப்பா வருவாங்க, பேப்பருக்கு சிவப்பு தெரியாது. டெவலப் பண்ணா நெகட்டிவ் வரும், போன்ல போட்டோ எடுத்து கலர திருப்பிக்கலாம்.

இன்ஸ்டன்ட் கேமராவுல எடுத்து அர மணி நேரம் கழிச்சு படம் பாக்கறது கொஞ்சம் காமெடி தான், தெரியுது.

எடுத்து முடிச்சதும் அந்த மூணு ட்ரிபிள் ஏயையும் வெளிய எடுத்து ஒரு சின்ன கவர்ல போட்டு கேமரா வார்ல கட்டித் தொங்க விட்டுருங்க. உள்ளயே விட்டா இன்னும் பத்து வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் கராஜ் சேல்ல வாங்கி, கதவத் திறந்து, வினிகர் தேடிக்கிட்டு இருப்பான்.